புது மீட்டர் 84 காட்டுது, போன் 60 காட்டுது: புல்லட்டுக்கு எந்த மீட்டர் சேரும்?

பாளை_புல்லட்
வணக்கம் மக்களே. அப்பா ஓட்டுன புல்லட் 350, 1987 மாடல். ரெண்டு வருஷமா கொட்டகையில நின்ன வண்டிய இப்பதான் எடுத்து ஓட்டுதேன். மீட்டர் கண்ணாடி பால் மாதிரி வெளுத்துப் போச்சு, முள்ளு செத்துக் கிடந்துச்சு. பழைய மீட்டரக் கழட்டிட்டுப் போயி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில காட்டினேன். அவரும் நல்லா பாத்து அதே மாதிரி ஒண்ணு குடுத்தாரு. கேபிளும் புதுசு.

மாட்டிட்டு வண்ணாரப்பேட்டை தாண்டி பைபாஸ்ல விட்டா முள்ளு சர்ருனு 84க்குப் போவுது. பின்னால வந்த கூட்டாளி ஸ்கூட்டர்ல 60 தான்ங்கான். போன்ல ஜிபிஎஸ் போட்டுப் பாத்தேன், அதுலயும் 60 தான். கடைக்காரர்ட்ட கேட்டா "புல்லட் மீட்டர் எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ங்காரு. கேபிள் மாத்தணுமா, மீட்டர் மாத்தணுமா?

டூஸ்ட்ரோக்_மேலப்பாளையம்
கேபிள் நீளம் கூடிட்டா வேகமும் கூடக் காட்டும் ப்ரோ. அளவு பாத்து குட்டையா ஒண்ணு போடுங்க.

பேட்டை_லேத்து
கேபிள் நீளத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாதுவே. கெணத்துக் கயிறு பத்தடியா இருந்தா என்ன, இருபதடியா இருந்தா என்ன, இந்த முனை ஒரு சுத்து சுத்துனா அந்த முனையும் ஒரு சுத்துதான் சுத்தும். நீளம் தப்பா இருந்தா முள்ளு ஆடும், கேபிள் அறுவும். எண்ணிக்கை மாறாது.

வே பாளை, ஒண்ணு கேக்கேன். முள்ளு 84 காட்டுதுங்கீரு. கிலோமீட்டர் எண்ணு என்ன சொல்லுது? அதைப் பாத்தீரா? நாலுவழிச் சாலையில நாங்குநேரி தாண்டி வள்ளியூர் போற வழியில பத்து கிலோமீட்டர் கல்லு பாத்து ஓட்டும். கல்லுல பத்துக்கு மீட்டர்ல எத்தனை ஓடுதுன்னு எழுதிட்டு வாரும். அதுக்குப் பொறவு பேசுவோம்.

தென்காசி_சாரல்
அண்ணாச்சி ஏன் அதைக் கேட்கிறார் என்று புதியவர்களுக்காக எழுதுகிறேன். முன்சக்கரத்திலிருந்து வரும் ஒரே கேபிள்தான் மீட்டருக்குள் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் ஒரு அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கும். காந்தம் சுற்றச் சுற்ற கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே இழுக்கும். தலைமுடி மாதிரி ஒரு சுருள் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறி எங்கே நிற்கிறதோ அங்கேதான் முள் நிற்கும். இரண்டாவது வேலை, அதே சுற்றைப் பல்சக்கரங்கள் வழியாகக் குறைத்து கிலோமீட்டர் எண்ணை உருட்டுவது. இதில் காந்தமும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. வெறும் பல்லெண்ணிக்கை.

ஆகவே எண் சரியாக ஓடி முள் மட்டும் தப்பாகக் காட்டினால் மீட்டரின் உள்ளே கோளாறு. இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பினால் மீட்டரில் குற்றமே இல்லை, அதற்கு வந்து சேரும் சுற்றுதான் வேறு. இரண்டுமே அசையாவிட்டால் கேபிளையோ, அதைச் சுற்றிவிடும் சக்கரத்துச் சிறு பல்சக்கரமான பினியனையோ பாருங்கள். முள் ஆடி எண் ஓடாவிட்டால் உள்ளே நைலான் பல்சக்கரம் தெறித்திருக்கும்.

காவல்கிணறு_காத்து
நான் காத்தாடி வேலைக்குத் தினமும் அந்த ரோட்டுல போறவன். ஆனி ஆடியில போய் இந்தச் சோதனையப் பண்ணிராதீங்க. பக்கவாட்டுல காத்து தள்ளுத தள்ளுல 60ல நிலையாப் பிடிக்கதே பெரும்பாடு. விடியக்காலம் போங்க. ஒரு கல்லை மட்டும் நம்பாதீங்க, முன்னபின்ன நட்டு வச்சிருப்பான். பத்து கல்லுன்னா வித்தியாசம் கரைஞ்சிரும்.

டூஸ்ட்ரோக்_மேலப்பாளையம்
இவ்ளோ அலைச்சல் எதுக்கு? எனக்கும் இதே பிரச்சனை இருந்துச்சு. ஒருத்தர் மீட்டரத் திறந்து அந்தத் தலைமுடி ஸ்பிரிங்க கொஞ்சம் இறுக்கி விட்டாரு. இப்ப ஸ்பீடு கரெக்ட். அஞ்சு நிமிஷ சோலி.

பேட்டை_லேத்து
முள்ளு சரியாயிட்டு. எண்ணு?

டூஸ்ட்ரோக்_மேலப்பாளையம்
எண்ணு எவன் பாக்கான் அண்ணாச்சி.

பேட்டை_லேத்து
சரி, அது உம்ம வண்டி. ஆயில் மாத்ததுக்கு, மைலேஜ் பாக்கதுக்கு, நாளைக்கு விக்கதுக்கு எல்லாத்துக்கும் அந்த எண்ணுதான். "லிட்டருக்கு 60 குடுக்கு"ன்னு நீரு போன மாசம் இங்கன எழுதினது ஞாபகம் இருக்கு. டூ ஸ்ட்ரோக் வண்டி! அந்த 60 எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பல்லா தெரியுது.

டூஸ்ட்ரோக்_மேலப்பாளையம்
😶

பாளை_புல்லட்
போயிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. காலையில அஞ்சரைக்குக் கெளம்பி, பத்து கல்லு. மீட்டர்ல 13.9 கிலோமீட்டர் ஓடியிருக்கு. திரும்பி வரும்போதும் அதே 13.9.

தென்காசி_சாரல்
84ஐ 60 ஆல் வகுத்தால் 1.4. 13.9ஐ 10 ஆல் வகுத்தால் 1.39. உங்கள் மீட்டர் நல்ல மீட்டர். அதை அடிக்காதீர்கள்.

பேட்டை_லேத்து
இப்ப ரெண்டு எண்ணு வேணும். மீட்டர் கேக்குத எண்ணு ஒண்ணு, வண்டி குடுக்குத எண்ணு ஒண்ணு.

மீட்டர் கேக்கது அது முகத்துலயே எழுதியிருக்கும். டார்ச் அடிச்சுப் பாரும், முள்ளு குத்தியிருக்க இடத்துக்குக் கீழ, பொடி எழுத்துல. 1000ன்னு இருந்தா ஒரு கிலோமீட்டருக்கு கேபிள் 1000 சுத்து சுத்தணும்னு அர்த்தம். ஒண்ணும் எழுதலைன்னா மீட்டரக் கையில எடுத்து, பழைய உள்கம்பித் துண்டு ஒண்ணைச் சொருகி விரலால சுத்தும். கடைசிக் கட்டம், கிலோமீட்டர்ல பத்துல ஒண்ணு, ஒரு எண்ணு நகர எத்தனை சுத்துன்னு எண்ணும். 100 ஆச்சுன்னா அது 1000 சுத்து மீட்டர். 140 ஆச்சுன்னா 1400 மீட்டர்.

வண்டி குடுக்கது: மீட்டர் பக்கம் நட்டைக் கழட்டி உள்கம்பி முனை தெரியுத மாதிரி விட்டுரும். அதுல ஒரு கொடி ஒட்டும். டயர்ல சாக்பீஸ் கோடு, தரையில கோடு. ஒரு ஆள் வண்டி மேல உக்காரணும், காத்து சரியா இருக்கணும், இல்லன்னா சக்கரத்தோட அளவு மாறிரும். பத்து சுத்து நேராத் தள்ளி, தரையில தூரத்தை டேப் வச்சு அளந்து, கொடி எத்தனை தடவை சுத்துச்சுன்னு எழுதும். கொடி எண்ணிக்கைய டேப்புல அளந்த மீட்டர் தூரத்தால வகுத்து 1000 ஆல பெருக்குனா தீந்துது.

பாளை_புல்லட்
மீட்டர்ல 1000ன்னுதான் இருக்கு. வண்டியத் தள்ளினோம். தம்பி தள்ள, நான் உக்காந்து எண்ணினேன். பத்து சுத்துக்கு 19 மீட்டர் 90 சென்டி. கொடி 18 சுத்து. கணக்கு 905 வருது.

தென்காசி_சாரல்
905 என்றால் 60 வேகத்தில் முள் 54 காட்ட வேண்டும். 84 காட்டாது. எங்கோ எண்ணிக்கை தப்பு.

பேட்டை_லேத்து
கொடி எதுல செஞ்சீரு?

பாளை_புல்லட்
பேப்பர், செலோடேப்.

பேட்டை_லேத்து
கம்பில கிரீஸ் இருக்கும்லா. டேப்பு வழுக்கிருக்கும், கம்பி உள்ள சுத்த கொடி சும்மா நின்னிருக்கும். மண்ணெண்ணெய் வச்சுத் துடைச்சிட்டு, துணி காயப்போடுத கிளிப்ப மாட்டும். பிளாஸ்டிக் கிளிப்பு போதும்.

பாளை_புல்லட்
அம்மாகிட்ட கிளிப்பு வாங்கி மாட்டினோம். சிவப்பு கிளிப்பு, பாக்கவே காத்தாடி மாதிரி இருந்துச்சு. மூணு தடவை தள்ளினோம், மூணு தடவையும் 28க்கு ஒரு கால் சுத்து கம்மி. தூரம் அதே 19.90. தெருவுல ஒரு பாட்டி "வண்டி ஸ்டார்ட் ஆவலயாய்யா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாவ.

27.75 வகுத்தல் 19.9, பெருக்கல் 1000. 1394.

காவல்கிணறு_காத்து
1394 வகுத்தல் 1000, பத்து கல்லுக்கு அப்படியே 13.9! கல்லு சொன்னதும் கிளிப்பு சொன்னதும் ஒண்ணாயிட்டு.

பேட்டை_லேத்து
ஆனா ஒரு சங்கதி எனக்கு இடிக்கி. 1394 எனக்கு ஜப்பான் கணக்கு மாதிரி தெரியுது. அவனுக மோட்டார் சைக்கிளுக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல நிமிஷத்துக்கு 1400 சுத்துன்னு வச்சிருக்கான். 60ல போனா நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர்லா, அப்ப கிலோமீட்டருக்கு 1400 சுத்து. அதே வேகத்துக்கு நிமிஷத்துக்கு 637 சுத்துன்னு இன்னொரு கணக்கும் அவன்ட்ட உண்டு. உம்ம வண்டி முன்சக்கரம் வண்டியோட வந்ததுதானா? போட்டோ போடும்.

பாளை_புல்லட்
ஐயோ அண்ணாச்சி, அதைச் சொல்ல மறந்துட்டேன். முன்னால டிஸ்க் பிரேக் இருக்கு. அப்பா எப்பவோ மாத்தினது. செய்துங்கநல்லூர் பக்கம் பள்ளத்துல விட்டு ரிம் வளைஞ்சப்போ யார்ட்டயோ சக்கரம், அதோட நடுவுல இருக்க ஹப்பு, ஃபோர்க்கோட வாங்கிப் போட்டாராம். எந்த வண்டி ஹப்புன்னு யாருக்கும் தெரியாது.

பேட்டை_லேத்து
அதான பாத்தேன். கடைக்காரர் மேல தப்பே இல்லவே. பழைய மீட்டருக்குச் சோடியான மீட்டரத்தான் குடுத்திருக்காரு. சக்கரம்தான் வேற வீட்டுப் பிள்ளை. ஹப்புக்குள்ள இருக்க பினியன்தான் ஒரு சக்கரச் சுத்துக்கு கேபிள் எத்தனை சுத்துன்னு தீர்மானிக்கும். உமக்கு ஒண்ணுக்கு ரெண்டே முக்காலுக்குக் கிட்ட வருது. பழைய ஹப்பு ரெண்டுக்கு ஒட்டி இருந்திருக்கும்.

கல்லிடை_அப்பளம்
நடுவுல புகுறதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட தாத்தாவோட பழைய சீமை வண்டி ஒண்ணு இருக்கு. அதுல மைல் மீட்டர், முகத்துல 1600ன்னு போட்டிருக்கு. முள் ஓடும்போது சீரா ஏறாது, டக் டக்னு படி ஏறுற மாதிரி தாவும். ரிப்பேருக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். இந்த 1600 எந்தக் கணக்கு? 1400ஐ விடக் கூடுதலா?

பேட்டை_லேத்து
நில்லும், நில்லும், யார்ட்டயும் குடுத்திராதீரும்! முகத்துல க்ரோனோமெட்ரிக்னு எழுதியிருக்கா? செஞ்ச கம்பெனி ஸ்மித்ஸ் பேரு இருக்கும். அது காந்த மீட்டரே கிடையாது, கடிகாரம். உள்ள பேலன்ஸ் வீல் வச்சு, குறிப்பிட்ட நேரத்துக்குள்ள எத்தனை சுத்துன்னு எண்ணி, முள்ளை அங்க கொண்டு வைக்கும். திரும்ப எண்ணும், திரும்ப வைக்கும். தாவுறதுதான் அதோட குணம். நல்ல மீட்டர்னு ஆடாம இருக்க ஒண்ணைத் தலையில கட்டிட்டு இதை ஒருத்தன் அமுக்கிருவான்.

1600 மைலுக்கு. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். வகுத்துப் பாரும்.

கல்லிடை_அப்பளம்
க்ரோனோமெட்ரிக்தான் எழுதியிருக்கு! வகுத்தா 994 வருது.

பேட்டை_லேத்து
அதான். மைலுக்கு 1600ம் கிலோமீட்டருக்கு 1000மும் கிட்டத்தட்ட ஒரே பல்லுக்கணக்கு. சீமை மைல் மீட்டர எடுத்துட்டு 1000 போட்ட கிலோமீட்டர் மீட்டர வச்சா நூத்துக்கு ஒண்ணுகூட வித்தியாசம் வராது. ஒண்ணு கவனிக்கணும்: பி.எஸ்.ஏ.ன்னு சீமை மோட்டார் சைக்கிள் உண்டு, அதுல சில வண்டிகள்ல கேபிள் சக்கரத்துலேருந்து வராது, கியர்பாக்ஸ்லேருந்து வரும். அதுல செயின் ஓடுத ஸ்புராக்கெட் பல்லு மாத்தியிருந்தா மீட்டரும் மாறிப் பேசும். உமக்கு எங்கேருந்து வருது?

கல்லிடை_அப்பளம்
கியர்பாக்ஸ்லேருந்துதான். ஸ்புராக்கெட் அப்படியே இருக்கு. தாத்தா மீட்டரைத் துடைச்சு பீரோவுல வச்சிட்டு, ஓட்டுறதுக்கு ஒரு 1000 மீட்டர் தேடுறேன்.

பாளை_புல்லட்
எனக்கு இப்ப ரெண்டு வழி இருக்குன்னு நெனைக்கேன். 1400 மீட்டர் தேடணும், இல்ல ஹப்பு பினியன மாத்தணும். நடுவுல மாட்டுத குட்டி கியர் டப்பா ஒண்ணு வெளிநாட்டுல கிடைக்குதாமே?

பேட்டை_லேத்து
உண்டு. ஆனா 1400 மீட்டரே சல்லிசாக் கிடைக்கும்போது அது எதுக்கு? ஜப்பான் வழி வந்த 100 சிசி வண்டி மீட்டர்கள்ல தேடும், ஆனா முகத்துல உள்ள எண்ணைப் பாக்காம, இல்ல விரலால சுத்தி எண்ணாம காசைக் குடுக்காதீரும். கடையிலயே எண்ணலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.

சிலபேரு டிரில் மெஷின்ல மாட்டிப் பாப்பாக. பாக்கலாம், ஆனா முழு வேகத்துல அமுக்கிராதீரும். டிரில் 2800 சுத்துனா 1000 மீட்டர் 168 காட்டப் பாக்கும், முள்ளு கடைசியில போயி அடிச்சு வளைஞ்சிரும். சுத்துத திசையும் முக்கியம், தலைகீழாச் சுத்துனா முள்ளு எழும்பவே எழும்பாது. நல்ல மீட்டரக் கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டவங்க உண்டு.

இனி கேபிள். கடையில மூணு கேளும். முனை சதுரமா, பட்டையா? நட்டு எவ்வளவு? நீளம் எவ்வளவு? சதுர முனைய பட்டை ஓட்டையில திணிச்சா ரெண்டு நாள் சுத்தும், மூணாம் நாள் ஓட்டைய வழிச்சிரும். 12 மில்லி நட்டும் அரை இஞ்சு நட்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், முக்கால் மில்லிகூட வித்தியாசம் கிடையாது. மரை ரெண்டு சுத்து ஏறிச் சிக்குனா அங்கேயே நிறுத்திரணும், குறடு போடக் கூடாது.

உள்கம்பி நீளம்தான் யாரும் பாக்கதில்ல. மீட்டர் பக்கம் நட்டைக் கையால முடுக்கும்போது கடைசி ரெண்டு மரையில ஸ்பிரிங்கு மாதிரி எதிர்த்துத் தள்ளுதா? அப்ப கம்பி நீளம். அது காந்தத்தோட தண்டைக் கீழேருந்து முட்டி, காந்தம் கிண்ணத்துல உரசி, ஒருநாள் முள்ளு 120க்குப் போயி அங்கேயே உக்காந்துக்கும். ரெண்டு மில்லி அரத்துல தேச்சாப் போதும்.

கிரீஸ் கொஞ்சமா, கீழ்ப்பக்கம் மட்டும். மேல ஒரு சாண் அளவுக்குக் கம்பி வெறுசாத்தான் இருக்கணும். சுத்துத கம்பி கிரீஸை ஏத்தம் மாதிரி மேல இறைச்சுக் கொண்டாந்து மீட்டருக்குள்ள ஊத்திரும். ஹேண்டில் பாரை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாரும்: இழுக்கக் கூடாது, மடங்கவும் கூடாது. எங்கேயாவது இறுக்கமா வளைஞ்சா முள்ளு நடுங்கும்.

டூஸ்ட்ரோக்_மேலப்பாளையம்
அண்ணாச்சி, என் முள்ளு 40ல நடுங்குது, அப்புறம் நின்னுருது. அது இதுதானா?

பேட்டை_லேத்து
கேபிள உருவிப் பாரும். தரையில ஒரு முனையப் பிடிச்சு உருட்டுனா இன்னொரு முனை சீரா உருளணும். துள்ளுச்சுன்னா கம்பி மடங்கிருக்கு. அப்படியே அந்த ஸ்பிரிங்கையும் பழையபடி விட்டுரும்.

டூஸ்ட்ரோக்_மேலப்பாளையம்
பாத்தேன். துள்ளுது. 🙏 ஸ்பிரிங்கு கதைய அப்புறம் பேசுவோம்.

பாளை_புல்லட்
பத்து நாள் கழிச்சு வாரேன், சாரி. 1400 மீட்டர் கிடைச்சிட்டு. நாலு கடை ஏறி இறங்கினேன், ஒரு கடையில வாசல்ல உக்காந்து விரலாலயே சுத்தி 140 எண்ணினேன். கடைப் பையன் சிரிச்சான். ஹெட்லைட் மண்டையில உக்காரல, விட்டம் கொஞ்சம் சின்னது. அண்ணாச்சியே லேத்துல ஒரு அலுமினிய ரிங்கு கடைஞ்சு குடுத்தாரு. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, ரெண்டு கிலோ அல்வாதான் கேட்டாரு. ரிங்குக்கே விலை கம்மியா இருந்திருக்கும்.

போன் 60, மீட்டர் 62. பத்து கல்லுக்கு எண்ணு 9.9க்கும் 10க்கும் நடுவுல. மீட்டர் மாத்தின தேதியும் பழைய எண்ணும் 61,284ன்னு ஆர்சி கவர்ல எழுதி வச்சிட்டேன்.

ஆனா ஒரு விஷயம். அந்தப் பழைய மீட்டரத் துடைச்சுப் பாத்தேன், அதுலயும் 1000தான். அப்ப சக்கரம் மாத்தின நாள்லேருந்து அப்பா ஓட்டுனது பூராவும் இந்தக் கணக்குலதான். "திருச்செந்தூருக்கு 90லயே போனேம்லா"ன்னு அடிக்கடி சொல்லுவாரு. வகுத்துப் பாத்தேன், 65 கூட வரல. அம்மாட்ட சொன்னேன். "அதான் பின்னால பஸ்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தானா"ன்னு கேக்கா.

காவல்கிணறு_காத்து
😂 65லயே அவருக்கு 90 சுகம் கெடச்சிருக்கு. பெட்ரோலும் மிச்சம்.

பேட்டை_லேத்து
61,284ம் அப்ப முழுசு கிடையாது. சக்கரம் மாத்தின வருஷம் தெரிஞ்சா கழிக்கலாம்.

பாளை_புல்லட்
தெரியாது அண்ணாச்சி. கழிக்கவும் வேண்டாம்.

அந்தப் புது 1000 மீட்டர் சும்மா கிடக்கு. அதிகமா ஓடலை, ஓடுனதுலயும் கால்வாசிக்கு மேல பொய். கடையில திரும்ப எடுக்க மாட்டேன்னுட்டாங்க. யாருக்காவது வேணுமா?

கல்லிடை_அப்பளம்
எனக்கு வேணும்! 1000தானே? நட்டு 12 மில்லியா, அரை இஞ்சான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பாளையங்கோட்டைக்கு வாரேன், அப்பளக் கட்டு எத்தனை வேணும்?